காபி உறையின் உள்பக்கம்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஃபென்னா முதலில் ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விடுகிறாள். மேல்கோட்டைக் கழற்றுவது, கை குலுக்குவது, உடம்பு எப்படி என்று கேட்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஜன்னலுக்குக் கீழே, வெந்நீர் ஓடும் அந்த இரும்புப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து இருக்கும். அதற்குள் கையை நுழைத்து, புறங்கையைச் சுவரில் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற முகத்தோடு நிற்பாள். சுவர் சுட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"தெருவக் குளிர் காய வைக்கிறியே, தெரு ஒரு நாளாவது உன்னக் கூப்பிட்டுக் காபி குடுத்துச்சா?"

அதன் பிறகுதான் வணக்கம்.

ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார், அவள் மோதிரத்தைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்துத் தானும் மண்டியிட்டுத் தேடத் தொடங்கினார். ஃபென்னா அவரை எழுப்பவில்லை. குனிந்ததுதான் குனிந்தார் என்று அவர் கையையும் பிடித்து இழுத்துச் சுவரில் வைத்துக் காட்டினாள். இன்று பாதிரியார் வீட்டு ரேடியேட்டர்களுக்குப் பின்னாலும் சூடு சுவருக்குப் போகாமல் தடுக்க ஃபென்னா செய்த அட்டைகள்தான் தொங்குகின்றன.

ஃபென்னாவுக்கு எழுபத்து நான்கு வயது. கதவுநிலையில் தலை இடிக்கிற உயரம். நெதர்லாந்தின் டெல்ஃப்ஸெய்ல் துறைமுகச் சந்தையில் பாதி ஆயுள் மீன் விற்றவள். பனிக்கட்டிக்குள் கைவிட்டுக் கைவிட்டு விரல்கள் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டன. மரச்செருப்புக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, கடல்காற்றில் காலையிலிருந்து கடை மூடும் வரை நிற்பாள். கையுறை போட்டதில்லை. போட்டால் மீனின் செதில் விரலுக்குத் தெரியாது என்பாள். இன்றும் ஜனவரி மாதத்தில் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு குப்பைத்தொட்டியை உருட்டிப் போவாள்.

மனிதர்களை அவள் மீன் கணக்கில்தான் எடை போடுவாள். பாதிரியார் நாக்குமீன், தட்டை, ஆனால் ருசி உண்டு. பக்கத்து வீட்டு வுப்போ கானாங்கெளுத்தி. வாங்கின அன்றே தின்றுவிட வேண்டும், மறுநாள் தாங்காது. தம்பி மகள் மார்லூஸ் விலாங்கு. "கையில இருக்கற மாதிரியே இருக்கும். பாத்தா வாளிக்கு வெளிய போயிருக்கும்." அப்படியானால் நீ என்ன மீன் என்று யாராவது கேட்டால், "நான் மீன் இல்ல, பெட்டி" என்பாள்.

இந்த ரேடியேட்டர் பித்து அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. தம்பி டெர்க்கை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு வந்தது.

டெர்க்குக்கு எழுபது வயது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன், மனைவியை இழந்தவன். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சு மெதுவாகிவிட்டது, ஆனால் வாய்த்துடுக்கு குறையவில்லை. ஃபென்னாவின் வீட்டு மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். அவனை மேலே ஏற்ற முடியாது. அதனால் முன்னறையிலேயே, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டார்கள். அதுதான் அவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்தத் தெருவில் யாரும் சாயந்திரம் திரையை மூடுவதில்லை. விளக்கை ஏற்றி, ஜன்னலைத் திறந்த மேடை மாதிரி விட்டிருப்பார்கள். போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள், கையைத் தூக்குவார்கள். டெர்க் நல்ல கையைத் தூக்குவான். மீன்பிடித் துறையிலிருந்து திரும்புகிறவன் இன்று என்ன அகப்பட்டது என்று விரலால் அளந்து காட்டுவான். டெர்க் நம்ப மறுத்துத் தலையை ஆட்டுவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவன் நாள் முழுவதும் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆனால் அறை குளிர். ஃபென்னாவுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது, அதுதான் தொல்லை. பக்கவாதம் வந்த பக்கத்துக்கும் குளிர் தெரியாது. அந்தக் கை வாய்விட்டு எதுவும் சொல்லாது. நகத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு ஊதாவாகும். மீனின் கண்ணைப் பார்த்துப் பழகியவளுக்கு மனிதனின் நகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தனக்குப் போதுமான சூடு அவனுக்கும் போதும் என்று இருந்துவிட்டாள். போன குளிர்காலத்தில் டெர்க்குக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாகி, ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்து வந்தான். வந்தபோது கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன.

அடுத்த இலையுதிர்காலத்தில் மார்லூஸ் தான் இருக்கும் ஸ்வொல்லா நகரத்திலிருந்து வந்தாள். வந்தவள் கட்டில் தலைமாட்டில் ஒரு வெப்பமானியை ஆணியடித்து மாட்டினாள். ஒரு முதியோர் இல்லத்தில் அறை ஒன்று காலியாகிறது, ஜனவரி முடியும் வரை அப்பா பெயரில் வைத்திருப்பார்கள் என்றாள். நல்ல இல்லம், தரைக்கடியிலேயே வெப்பமூட்டும் வசதி உண்டு என்றாள். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டெர்க் கேட்டான். கார் நிறுத்துமிடத்தை என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அத்தை, நான் சண்டைக்கு வரல. இன்னொரு தடவ நெஞ்சுல சளி கட்டினா அப்பா தாங்க மாட்டாரு. அவ்வளவுதான்."

"என்னமோ நான் அவன ஐஸ்ல வச்சு வித்துடப்போற மாதிரி பேசற."

"ஐஸ்லதான் வச்சிருக்கீங்க."

ஃபென்னா தலைமாட்டைத் திரும்பிப் பார்த்தாள். வெப்பமானி பதினாறு காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தமாயிற்று. ஜனவரிக் கடைசியில் மார்லூஸ் ஒரு நாள் வந்து உட்காருவாள். அன்று இருட்டும்போது அறை இருபது டிகிரி நின்றால் டெர்க் இங்கேயே இருக்கலாம். நிற்காவிட்டால் அவளோடு கிளம்பிவிட வேண்டும். டெர்க்கும் தலையாட்டினான். மகளின் பயம் அவனுக்குப் புரிந்திருந்தது.

இருபதைத் தொட ரேடியேட்டர் குமிழை ஐந்தில் வைத்துக் அதற்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனைக் காலையிலிருந்து ஓடவிட வேண்டும். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்தாள். எரிவாயுக் கணக்கு வந்ததும், இந்த வேகத்தில் போனால் தன் ஓய்வூதியம் கிறிஸ்துமஸோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டாள். பணம் தருகிறேன் என்று மார்லூஸ் சொன்னாள். ஃபென்னா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பதில் வெளிச்சுவரில் இருந்தது. முதல் உறைபனி விழுந்த காலையில் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்தாள். தெரு முழுக்கச் செங்கல் சுவர்கள் வெள்ளை பூத்திருந்தன. அவள் வீட்டு முன்ஜன்னலுக்குக் கீழே மட்டும், உள்ளே ரேடியேட்டர் இருக்கும் அதே அளவுக்கு, சதுரமாகச் சிவந்து ஈரமாக இருந்தது. அதில் முதுகை ஒட்டிக்கொண்டு வுப்போவின் பூனை படுத்துக் கிடந்தது.

ஃபென்னா பூனையை நகர்த்திவிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். செங்கல் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டைக் கட்டியவன் ரேடியேட்டர் உட்கார இடம் வேண்டுமென்று அந்த இடத்தில் மட்டும் சுவரை ஒற்றைச் செங்கல் கனத்துக்குக் குடைந்திருந்தான். எரிவாயுவில் பாதி அறைக்கு, பாதி பூனைக்கு.

உள்ளே வந்து டெர்க்கிடம் சொன்னாள். "மீன் குளுமையா இருக்கணும்னா சூடு உள்ள வரக்கூடாது. நீ சூடா இருக்கணும்னா சூடு வெளிய போகக்கூடாது. பெட்டி ஒண்ணுதான்டா. நான் இத்தன வருஷம் பெட்டிய உள்ளவெளியா பாத்துட்டு இருந்திருக்கேன்."

"அப்போ நான் மீனா?"

"நீ பேசற மீன். வெல கம்மி."

கோடை நாட்களில் அவள் மீன்பெட்டிகளுக்கு மேல் பளபளக்கும் தாளைப் போர்த்துவாள். வெயில் பட்டுத் திரும்பிப் போய்விடும். அதே தாளை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தால், சுவருக்குப் போகிற சூடு பட்டு அறைக்குத் திரும்பும். கடையில் இதற்கென்றே சுருளாக விற்கிறார்கள், வாங்கி அனுப்பவா என்று மார்லூஸ் கேட்டாள். வாங்கினால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஃபென்னா தானே செய்வதென்று இறங்கினாள்.

முதல் முயற்சியில் சமையல் வெள்ளித்தாளைச் சுவர்க்காகிதப் பசையால் நேராகச் சுவரில் ஒட்டினாள். கொதிகலன் சூடேறியதும் பசை உரிந்து, தாள் சுருண்டு, ரேடியேட்டரில் சாய்ந்துகொண்டது. இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் சூட்டைத் திருப்பாது, தானே வாங்கிச் சுவருக்குக் கடத்திவிடும். இரண்டாம் முயற்சியில் பழைய மீன்பெட்டியின் தெர்மாகோலை மெல்லிய பலகையாக அறுத்து, அதன்மேல் தாளை ஒட்டிச் செருகினாள். இது நின்றது. வெப்பமானி ஒரு கோடு ஏறவும் செய்தது. ஆனால் பல வருஷத்து உப்பு ஹெர்ரிங் மீனின் வாடை அந்தத் தெர்மாகோலுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. சூடு பட்டதும் எழுந்துவிட்டது. ஃபென்னாவின் மூக்கு அதையெல்லாம் கணக்கில் எடுப்பதே இல்லை. டெர்க் காலையிலிருந்து பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, முதியோர் இல்லத்துக்கு போன் போடு" என்றான்.

டிசம்பர் நடுவில் கிழக்குக் காற்று ஆரம்பித்தது. ஜெர்மனியின் பிரெமன் பக்கமிருந்து தட்டை நிலத்தின் மேல் தடையில்லாமல் வரும் காற்று அது. ஜன்னல் சட்டத்தில் விசில் அடிக்கும். திரையை மூடுங்கள், அதைவிட எளிய வழி கிடையாது என்று மார்லூஸ் எப்போதோ சொல்லியிருந்தாள். அன்று மதியம் டெர்க் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான். ஜன்னல் இடுக்கை ஒட்ட டேப் வாங்க ஃபென்னா சைக்கிளை எடுத்தாள். போகிற போக்கில் திரையை இழுத்துவிட்டாள். சந்தையில் காற்று எழுந்தால் கடையின் தார்ப்பாயை இறக்குவாள். கைக்கு அது பழகிய வேலை. கை செய்துவிட்டது, தலையிடம் கேட்கவில்லை.

அந்தத் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் திரை மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாரோ இறந்துவிட்டார்கள்.

முதலில் பார்த்தது வுப்போ. சாவு விழுந்த வீட்டில் காரியங்களைக் கையில் எடுப்பது பக்கத்து வீட்டுக்காரனின் கடமை. அவன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டான். மனைவி ஸ்டீனா தெருவில் சொல்லிக்கொண்டே போனாள். துக்க வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காபி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அங்கே முதலில் யாரும் பூ கொண்டுபோவதில்லை, ஆளுக்கொரு காபிப் பொட்டலம் கொண்டுபோவார்கள். வுப்போவிடம் ஃபென்னா வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் உண்டு. ஃபென்னா டேப்போடு திரும்பி வந்தபோது வாசலில் காலணிகள் வரிசையாகக் கிடந்தன. சைக்கிளைச் சாத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அரையிருட்டில் கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கத்தார் தலைகுனிந்து நின்றார்கள். வுப்போ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன், கடலுக்கு அஞ்சாதவன், புயலில் எத்தனை கப்பலைக் கரை சேர்த்தான் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தொப்பியை நெஞ்சில் வைத்து முடித்தான்.

"ஒரே ஒரு குறை. என் ஏணிய வாங்கிட்டுப் போனான். கடைசி வரைக்கும் குடுக்கவே இல்ல."

"கொல்லையில இருக்கு" என்று கட்டிலிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "எடுத்துட்டுப் போ."

ஸ்டீனா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். அவர்கள் கதவைத் திறந்த சத்தத்திலேயே டெர்க் விழித்திருக்கிறான். தன்னைப் பற்றி என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடலாமே என்று கண்ணை மூடிக் கிடந்தானாம். ஃபென்னா திரையை ஒரே இழுப்பில் திறந்தாள். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வுப்போ மட்டும் கோட்டுப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, இனிமேல் பகலில் திரையைத் தொடாதே ஃபென்னாக்கா, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று அழாக்குறையாகச் சொன்னான். மார்லூஸ் சொன்ன எளிய வழி அன்றோடு அடைபட்டது.

மேஜையில் காபிப் பொட்டலங்கள் அடுக்காக இருந்தன. துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்ததை யாரும் தன் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள். சாவைக் கூடவே கூட்டிப்போகிற மாதிரி. எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஃபென்னா எவ்வளவு சொல்லியும் ஒரு கை நீளவில்லை. சரி, இங்கேயே குடித்துத் தீர்ப்போம் என்று டெர்க்தான் சொன்னான். அன்று சாயங்காலம் அவனுடைய சாவுக் காபியை அவனே தலைமை தாங்கிக் குடித்தான்.

ஃபென்னா சமையலறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொட்டலங்களை வெட்டினாள். நாலாவதையோ ஐந்தாவதையோ டப்பாவில் கொட்டிவிட்டு உதறியபோது, உறையின் உள்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சிட்டது. கண்ணாடி மாதிரி. வாழ்நாள் முழுக்க வெளிப்பக்கத்துச் சிவப்பையும் பச்சையையும் பார்த்து எறிந்திருக்கிறாள். உள்ளே பார்த்ததே இல்லை. உறையைக் கசக்கிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். சமையல் தாள் மாதிரி கிழியவில்லை. கழுவி, நீளவாக்கில் வெட்டி, விரித்து, மேஜையில் தேய்த்தாள். மீனின் வயிற்றைக் கீறி விரிக்கிற அதே கைவேகம்.

"ஸ்டீனா, எல்லாரையும் குடிக்கச் சொல்லு" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கு உறை வேணும்."

அவள் செய்யும் விதம் இது. அட்டைப்பெட்டியை ரேடியேட்டரைவிட ஓர் அங்குலம் சிறியதாக வெட்டுவாள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. கழுவிக் காயவைத்த உறைகளைப் பளபளக்கும் பக்கம் வெளியே தெரியும்படி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் அட்டையில் ஒட்டுவாள். ரேடியேட்டரைச் சுவரில் தாங்கிப் பிடிக்கும் கொக்கிகள் வரும் இடத்தில் கீற்று விடுவாள். பிறகு பாத்திரம் கழுவும் நீள பிரஷ்ஷால் சந்தின் தூசியைத் துடைத்துவிட்டு, அட்டையைச் சுவரோரமாக இறக்குவாள். பளபளப்பு ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. நடுவில் விரல் கனத்துக்குக் காற்று ஓட வேண்டும். வெளிச்சுவரில் இருக்கிற ரேடியேட்டருக்கு மட்டும்தான் இந்த மரியாதை. உள்சுவரில் இருப்பதற்கும் செய்து தரச் சொல்லி ஒருத்தி கேட்டபோது, "அந்தப் பக்கம் உன் சமையலறதானே? போனா போகட்டும். சூப்பு ஆறாம இருக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அட்டை மட்டுமே அந்த அறையைச் சூடாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரை மூடித் தரை வரை தொங்கிய திரைகளை ஜன்னல் பலகை வரைக்கும் வெட்டிச் சுருக்கினாள். அதுவரை பாதிச் சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடந்தது. வெந்நீரை ஓடவிடாமல் குழாய்க்குள் அடைத்திருந்த காற்றை அதற்கான சாவி போட்டு வெளியேற்றினாள். கதவடி இடைவெளியில் பழைய காலுறைக்குள் மணல் நிரப்பி வைத்தாள். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. ஆனால் முதல் நாளே வித்தியாசம் காட்டியது அட்டைதான். ரேடியேட்டர் சூடேறியபோது அறையில் லேசாகக் காபி மணந்தது. டெர்க் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

"இது பரவால்ல" என்றான்.

அடுத்த உறைபனிக் காலையில் ஜன்னலுக்குக் கீழே செங்கல் மற்ற இடங்களைப் போலவே வெள்ளையாக இருந்தது. பூனை வந்து உட்கார்ந்து பார்த்தது, எழுந்து சுற்றியது, மறுபடி உட்கார்ந்து பார்த்தது. பிறகு அவமானப்பட்ட மாதிரி நடந்துபோய்ச் சொந்த வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. வுப்போ அன்று மதியமே வந்தான், பூனைக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டு.

"பூனைக்கு ஒண்ணுமில்ல. உன் சுவருக்குத்தான் காய்ச்சல்" என்றாள் ஃபென்னா. "காபி உறை சேத்து வை."

அப்படித்தான் அது தெருவில் பரவியது. கதவு இடுக்கில் தபாலோடு தபாலாக வெட்டி விரித்த காபி உறைகள் விழ ஆரம்பித்தன. சிலர் கழுவாமல் போட்டார்கள். அவர்களுக்கு அந்த வாரம் நல்ல பாட்டு கிடைத்தது.

ஜனவரிக் கடைசியில் மார்லூஸ் வந்தாள். குழாய்கள் உறையும் என்று வானொலியில் சொன்ன நாள் அது. அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான கிழக்குக் காற்று. அவள் தன் பையிலிருந்து வேறொரு வெப்பமானியை எடுத்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து குமிழைப் பார்த்தாள். மூன்றில் இருந்தது. கொதிகலன் எப்போது போட்டீர்கள் என்று கேட்டாள். வழக்கமான நேரத்துக்குத்தான் என்றாள் ஃபென்னா. மார்லூஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேல்கோட்டைக் கழற்றாமலே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்தொன்பதரை.

கெடுக்க வந்தவர்கள் நல்லெண்ணக்காரர்கள்தான். என்ன ஆயிற்று என்று பார்க்க ஸ்டீனா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூடவே காற்றும் வந்தது. அவள் போனதும் இன்னொருத்தி கேக்கோடு வந்தாள். பிறகு பாதிரியார் வந்தார், வாசலில் நின்று காலணியின் பனியைத் தட்டிக்கொண்டே இருந்தார், கதவு திறந்தபடி. பத்தொன்பது. ஃபென்னாவின் முகம் சிவந்தது. கேக்கை வாங்கிக்கொண்டாள், பாதிரியாரைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே விட்டாள், கதவைத் தாழிட்டாள். மணல் காலுறையைக் காலால் உதைத்து நெருக்கினாள்.

"வாழ்த்தணும்னா ஜன்னல் வழியா வாழ்த்துங்க" என்று தாழ் போட்ட கதவுக்குள்ளிருந்து சொன்னாள்.

அவர்கள் அப்படியே செய்தார்கள். இருட்டத் தொடங்கியபோது ஜன்னலுக்கு வெளியே பாதித் தெரு நின்றது. கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியுமாக, கண் மட்டும் தெரிய, காற்றில் கால் மாற்றிக் கால் மாற்றி. உள்ளே விளக்கு எரிந்தது, திரை விரியத் திறந்திருந்தது. ஃபென்னா யாரையும் பார்க்கவில்லை. ஓர் உருளைக்கிழங்கை மடியில் வைத்து, தோல் ஒரே நாடாவாக வரும்படி சீவிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் இன்னொன்றை எடுத்தாள். அந்த வீட்டில் அவ்வளவு உருளைக்கிழங்கு தின்ன ஆள் இல்லை.

மார்லூஸ் அப்பாவின் வலக்கையைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, விளக்குப் பக்கம் திருப்பி, நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக இருந்தன. மேல்கோட்டுப் பித்தானை ஒன்று கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

வெளியே வுப்போ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, எவ்வளவு என்று கையால் கேட்டான். டெர்க் தலையைத் திருப்பி வெப்பமானிகளைப் பார்த்தான். முதலில் பழையதை, பிறகு புதியதை. நல்ல கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தான். மூடினான். விரித்தான். மூடினான். மூன்றாம் தடவை, நான்காம் தடவை. பிறகு அவன் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, கூடவே ஒற்றை விரலையும் நீட்டினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பிகள் பறந்தன. ஸ்டீனா பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள். சத்தம் உள்ளே அவ்வளவாகக் கேட்கவில்லை.

"என்னப்பா சிரிக்கறீங்க?" என்றாள் மார்லூஸ். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டக் கழட்டும்மா" என்றான் டெர்க். "பாக்கற எனக்கு வேர்க்குது."

அவள் கழற்றினாள். நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. யாரோ எடுப்பதற்குக் காத்திருந்தது கேட்டது. பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னது கேட்டது. "அந்த அறைய வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க, நல்லா இருக்காரு. அத்தை வீட்லயே இருப்பாரு."

ஃபென்னா கத்தியை வைத்தாள். இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னலடியில் குனிந்து, குமிழை மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருகினாள்.